உண்மை அட்டவணையை எழுதுவது யார்?
மின்சுற்றுப் புதிர் விளையாட்டுகள் பற்றி ஒரு பார்வை

கணினி அறிவியல் எடுத்திருக்கும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு லாஜிக் வாயில்கள் ஒரு பாடம். சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்குக் கணினிப் பாடம் எடுப்பவர்களுக்கும் அது உண்டு. ஒன்றும் சுழியமும் உள்ளே போகின்றன. ஒன்றோ சுழியமோ வெளியே வருகிறது. பாடநூலில் சில பக்கங்கள்தான். இந்தச் சில பக்கச் சரக்கை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிர் விளையாட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. "பிள்ளைங்க விளையாடியே கத்துக்குவாங்க, நாம சும்மா இருந்தா போதும்" என்று ஆசிரியர் அறையில் ஒரு தரப்பு சொல்கிறது. "விளையாட்டெல்லாம் தேர்வுக்கு உதவாது" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேச்சும் அவற்றை உட்கார்ந்து விளையாடிப் பார்க்காதவர்கள் பேச்சாகவே எனக்குப் படுகிறது.

விளையாடிப் பார்க்கும்போது நான் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டேன். உண்மை அட்டவணையை எழுதுவது யார், விளையாட்டா மாணவரா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே ஒரு விளையாட்டு வகுப்பில் எவ்வளவு தூரம் நமக்கு உதவும் என்பது இருக்கிறது.

ஆங்கிலத்தில் அண்ட், ஆர், நாட் எனப்படும் மூன்று வாயில்களை இங்கே உம்-வாயில், அல்லது-வாயில், இல்லை-வாயில் என்றே எழுதுகிறேன். உம்-வாயிலின் முடிவைத் திருப்பிப் போட்டால் வருவது நேண்ட். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் ஒன்று காட்டுவது எக்ஸார். தேர்வுத்தாளில் வரும் பெயர்களை மாணவர்கள் அப்படியே பயன்படுத்தட்டும், பொருள் மாறாது.

முதலில் நேண்ட்கேம். இணைய உலாவியிலேயே ஓடும், கட்டணம் இல்லை, பதிவு செய்யத் தேவையில்லை. பள்ளிக் கணினிக் கூடத்துக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடைப்பது அரிது. தொடக்கத்தில் கையில் இருப்பது மின்காந்த ரிலே மட்டும். அதை வைத்து ஒரு நேண்ட் செய்யச் சொல்கிறது. செய்து முடித்ததும் அந்த நேண்ட் நமக்குச் சொந்தமான ஒரு பாகமாகிவிடுகிறது. அதை வைத்து இல்லை-வாயில், பிறகு உம், அல்லது, எக்ஸார், கூட்டும் சுற்று, நினைவகம் என்று போய் கடைசியில் ஒரு கணினியே எழுந்து நிற்கிறது. ரிலேயில் தொடங்கியது பொருத்தமான தேர்வு. 1937-இல் கிளாட் ஷானன் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுற்றுகளை ஜார்ஜ் பூலின் இயற்கணிதத்தால் எழுதலாம் என்று காட்டினார். நம் பாடநூலின் அந்தச் சில பக்கங்கள் அங்கிருந்து வந்தவை. நேண்ட் போன்ற ஒரே ஒரு செயலை வைத்து மற்ற எல்லாவற்றையும் கட்டலாம் என்பதை ஹென்றி ஷெஃபர் 1913-லேயே எழுதிவிட்டார். (நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் வழிகாட்டிக் கணினி, நேண்டின் உடன்பிறப்பான நோர் வாயிலை மட்டுமே வைத்துக் கட்டப்பட்டது. வகுப்பில் சொல்லிப் பாருங்கள், தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும்.)

இந்த விளையாட்டின் உண்மையான சுவை எக்ஸார் நிலையில்தான் தெரியும். பாடநூல் வழியில் போகும் மாணவர் என்ன செய்வார்? "ஏ இருந்து பி இல்லை, அல்லது ஏ இல்லாமல் பி இருக்கிறது" என்று எழுதிக்கொள்வார். அதற்கு இரண்டு இல்லை, இரண்டு உம், ஓர் அல்லது. இல்லைக்கு நேண்ட் ஒன்று, உம்முக்கு இரண்டு, அல்லதுக்கு மூன்று. மொத்தம் ஒன்பது நேண்ட். கொஞ்சம் யோசிக்கிற மாணவர், "ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும், ஆனா ரெண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது" என்று அதே பொருளை வேறு விதமாகச் சொல்வார். அல்லது ஒன்று, நேண்ட் ஒன்று, இரண்டையும் சேர்க்க உம் ஒன்று. ஆறு நேண்டில் முடிந்துவிடும். வாக்கியத்தை மாற்றிச் சொன்னதற்கே மூன்று நேண்ட் மிச்சம்!

ஆனால் நாலே நேண்டில் முடிக்கலாம். ஏ, பி இரண்டையும் முதல் நேண்டுக்குக் கொடுங்கள். அதன் முடிவை ஏ-யோடு சேர்த்து இரண்டாவது நேண்டுக்கும், பி-யோடு சேர்த்து மூன்றாவது நேண்டுக்கும் கொடுங்கள். அந்த இரண்டின் முடிவுகளும் நாலாவதுக்குப் போகட்டும். எக்ஸார் கிடைத்துவிடும். முதல் நேண்டின் முடிவை இரண்டு இடத்தில் பயன்படுத்தியதுதான் சூட்சுமம். அடுத்து வரும் கூட்டும் சுற்றில் இந்தச் சூட்சுமம் இன்னொரு பலனும் தருகிறது. இரண்டு இலக்கங்களைக் கூட்டும்போது வரும் மீதி எண்ணை எக்ஸார் தரும். மேலே கொண்டுபோகும் எண்ணை உம் தரும். அந்த உம்மின் பாதி வேலையை எக்ஸாருக்குள் இருக்கும் முதல் நேண்ட் முன்பே செய்து வைத்திருக்கிறது. அதைத் திருப்பிப் போட ஒரு நேண்ட் போதும். ஆக ஐந்து. தனித்தனிப் பாகங்களாக எக்ஸாரும் உம்மும் வைத்தால் பாகம் இரண்டுதான், ஆனால் நேண்ட் ஆறு. நிலையை முடித்ததும் பாக எண்ணிக்கையையும் நேண்ட் எண்ணிக்கையையும் விளையாட்டு காட்டுவதால், எது சிக்கனம் என்ற பேச்சு தானாகவே கிளம்பும். இவ்வளவு நேர்த்தியாக ஒரு கணக்கைக் கையில் கொடுக்கும் பாடக்கருவிகள் அதிகம் இல்லை.

இனி என் குறை. நேண்ட்கேமின் ஒவ்வொரு தொடக்க நிலையிலும் உண்மை அட்டவணை பக்கத்திலேயே நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. என்ன உள்ளே போனால் என்ன வெளியே வரவேண்டும் என்பது முடிந்துபோன விஷயம். மாணவரின் வேலை கம்பி இழுப்பது மட்டும். இரண்டு உள்ளீடு என்றால் அட்டவணையில் நாலே வரி. நாலு வரிக்குக் கம்பியை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் சரியாகத்தான் வரும். "சார், வந்துடுச்சு! ஆனா எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்ற குரலைக் கணினிக் கூடத்தில் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. விளையாட்டு அந்த மாணவரையும், யோசித்துக் கட்டியவரையும் ஒரே மாதிரி பாராட்டி அடுத்த நிலைக்கு அனுப்பிவிடுகிறது.

தேர்வுத்தாளில் சூழலைக் கொடுத்துக் கேட்கும்போது நிலைமை தலைகீழ். "அறையில் ஆள் இருந்து, சன்னல்கள் மூடியிருந்தால் மட்டும் குளிரூட்டி இயங்கும்" என்று ஒரு வாக்கியம் வரும். எதை ஒன்று என்பது, எதைச் சுழியம் என்பது, எத்தனை வரி, எந்த வரியில் என்ன என்று மாணவரே முடிவு செய்ய வேண்டும். வாயில்களை வரைவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை. நேண்ட்கேமில் நாற்பது நிலை முடித்த பிள்ளை இந்த முதல் வரியிலேயே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த வேலையை அவர் ஒரு தடவைகூடச் செய்யவில்லையே.

டூரிங் கம்ப்ளீட் இதே வழியில் வந்த அடுத்த விளையாட்டு. 2021-இல் முழுமையடையாத முன்வெளியீடாக ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் பள்ளிக்குக் கொஞ்சம் இடிக்கும். இங்கேயும் நேண்டிலிருந்துதான் ஏறுகிறோம். இங்கேயும் எதிர்பார்க்கும் விடை முன்கூட்டியே தெரியும். இரண்டு விஷயத்தில் இது ஒரு படி மேல். நம் சுற்றைச் சோதிக்கும்போது எந்த இடத்தில் தவறியதோ அந்த இடத்தில் நின்று, கம்பிகளில் என்ன ஓடுகிறது என்று பார்க்க விடுகிறது. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு அது நல்ல பயிற்சி. வாயில் எண்ணிக்கையோடு, விடை வெளியே வர எவ்வளவு தாமதம் ஆகிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறது. குறைந்த வாயில் உள்ள சுற்று எப்போதும் வேகமான சுற்றாக இருக்காது என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட இங்கே பார்த்தால் மறக்காது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. பாதி தூரம் வந்ததும், நாம் கட்டிய கணினிக்கு நாமே கட்டளை எழுத வேண்டும். ஓர் இயந்திரனைச் சுவர்கள் நிறைந்த பாதையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். அட்டவணை கிடையாது. "எப்போதும் இடப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே நட" என்பது போன்ற ஒரு விதியை மாணவரே யோசித்து, வார்த்தையில் சொல்லி, பிறகு கட்டளையாக்க வேண்டும். அந்த நிலைக்காகவே இதை உயர்நிலைச் சிந்தனைப் பயிற்சிக்குப் பரிந்துரைப்பேன். ஆனால் அங்கே போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். தேர்வு வரும் ஆண்டில் அவ்வளவு பொழுது யாரிடம் இருக்கிறது?

ஸாக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த கன்ஸ்ட்ரக்டர், வாயிலுக்கும் கீழே இறங்கி, என் வகை, பி வகைச் சிலிக்கானையும் அதன் மேல் உலோகத்தையும் நாமே பூசச் சொல்கிறது. எதிர்பார்க்கும் அலைவடிவம் திரையிலேயே இருக்கும். அழகான விளையாட்டு, நம் மாணவர்களுக்கு அதிகம். அது ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியோடு நின்றுவிட்டதால் இன்று அதை ஓட வைப்பதே ஒரு புதிர். 2016-இல் வந்த ஷென்ஜென் ஐ/ஓ பெரும்பாலும் சிறு கட்டளை எழுதும் விளையாட்டு. அதன் கூடவே ஒரு நீண்ட கையேடு வரும். அதைப் படிக்காமல் ஓர் அடி நகர முடியாது. மொழி ஆசிரியருக்கு அந்த ஏற்பாட்டைப் பார்த்தால் மனம் குளிரும்.

என் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது இவற்றுக்கெல்லாம் மூத்த விளையாட்டில். 1982-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வந்த ராக்கிஸ் பூட்ஸ். தி லேர்னிங் கம்பெனி வெளியிட்டது. வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் உருவாக்கியது. ராபினெட் அதற்கு முன் அட்டாரி நிறுவனத்தில் அட்வென்ச்சர் என்ற விளையாட்டைச் செய்தவர். விளையாட்டு செய்தவர் பெயரை நிறுவனம் போடாது என்பதால், ஒரு மறைவான அறைக்குள் தம் பெயரை ஒளித்து வைத்துவிட்டுப் போனவர்.

ராக்கிஸ் பூட்ஸின் படம் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு மூட்டும். நம் உருவம் ஒரு செம்மஞ்சள் சதுரம், அவ்வளவுதான். சதுரம், வட்டம், சாய்சதுரம், சிலுவை என்று பொருள்கள் வரிசையாக வரும். சில பச்சை, சில ஊதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சிலவற்றுக்குக் கழித்தல் மதிப்பெண். ஒரு பூட்ஸ் இருக்கிறது, மின்சாரம் வந்தால் எதிரில் உள்ளதை உதைக்கும். பச்சையைக் கண்டறியும் உணர்வி, சிலுவையைக் கண்டறியும் உணர்வி ஆகியவற்றை வாயில்கள் வழியாகப் பூட்ஸோடு இணைத்து, கூட்டல் மதிப்பெண் உள்ளவற்றை மட்டும் உதைக்க வைக்க வேண்டும். ஒன்றும் தவறாமல் 24 புள்ளி எடுத்தால் ராக்கி என்ற ரக்கூன் வந்து ஒரு குத்தாட்டம் போடும். கம்பியில் மின்சாரம் பாய்வது நிறம் மாறிக் கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொரு சிறப்பு.

இதில் உண்மை அட்டவணை எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! மதிப்பெண்கள் மட்டும்தான் இருக்கின்றன. இப்படி ஒரு நிலை என்று வைத்துக்கொள்வோம். பச்சைச் சதுரம், பச்சை வட்டம், பச்சைச் சாய்சதுரம் எல்லாவற்றுக்கும் கூட்டல். ஊதாச் சிலுவைக்கும் கூட்டல். பச்சைச் சிலுவைக்குக் கழித்தல். மற்ற ஊதாப் பொருள்களுக்கும் கழித்தல். மாணவர் முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்து, "எது வேணும், எது வேணாம்" என்று தனக்குத்தானே ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ள வேண்டும். பச்சையாக இருக்கணும், அல்லது சிலுவையாக இருக்கணும், ரெண்டுமாக இருக்கக்கூடாது. வந்து சேர்ந்த இடம் நேண்ட்கேமில் பார்த்த அதே எக்ஸார். ஆனால் அங்கே அது தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. இங்கே மாணவர் தேடி எடுத்தது. அடுத்து 1984-இல் இதே நிறுவனம் வெளியிட்ட ரோபட் ஒடிஸி இந்த முறையை இன்னும் கடுமையாக்கியது. இயந்திரன்களின் உள்ளே நுழைந்து கம்பி இழுத்து, ஒரு நகரத்திலிருந்து தப்பிக்க வேண்டும். பெரியவர்களே பாதியில் கைவிடும் அளவுக்குக் கடினம். பள்ளிக்கு ராக்கி போதும்.

நாற்பது ஆண்டு முந்தைய விளையாட்டு நல்லது, புதியது மோசம் என்று நான் சொல்லவில்லை. கட்டுமானத்தைக் கற்பிப்பதில் நேண்ட்கேமுக்கு ராக்கி ஈடாகாது. ராக்கியில் நாம் கட்டியது அடுத்த நிலையில் பாகமாகி, கடைசியில் கணினியாக வளர்வதில்லை. ஆனால் வாயிலுக்கு முந்தைய படியை, அதாவது நிலைமையைப் பார்த்து விதியைச் சொல்லும் படியை, ராக்கி விட்டுவிடவில்லை. பின்னால் வந்தவை அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டன. அந்தப் படி இருப்பது மொழியில். ஆகவே இது கணினி ஆசிரியரின் தலைவலி மட்டும் என்று தமிழாசிரியர் ஒதுங்கிவிட முடியாது.

தமிழில் இந்தப் படி எவ்வளவு வழுக்கும் என்று பாருங்கள். "பச்சைப் பொருள்களையும் சிலுவைகளையும் உதை" என்று ஒரு கட்டளை. இரண்டு 'உம்' இருக்கிறதே என்று உம்-வாயிலைத் தூக்கிப் போட்டால் கதை கெட்டது. பச்சையாக இருந்தாலும் உதைக்க வேண்டும், சிலுவையாக இருந்தாலும் உதைக்க வேண்டும். சுற்றில் வரவேண்டியது அல்லது-வாயில். நாம் எண்ணும்மை என்று சொல்லிக் கொடுப்பது இங்கே பொருள்களை எண்ணி அடுக்குகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு தகுதியும் வேண்டும் என்று கேட்கவில்லை. "பச்சைச் சிலுவையை உதை" என்ற வாக்கியத்தில் 'உம்' என்ற எழுத்தே கிடையாது, வெறும் பண்புத்தொகை. அங்கேதான் உம்-வாயில் வேண்டும்.

'அல்லது' மட்டும் நேர்மையாக நடந்துகொள்கிறதா? கடையில் "கோப்பியா டீயா?" என்று கேட்டால் இரண்டையும் கொண்டுவரச் சொல்கிறவர் யாரும் இல்லை; அது எக்ஸார். "அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் கொண்டு வரவும்" என்ற அறிவிப்பைப் பார்த்து இரண்டையும் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அது அல்லது-வாயில். குளிரூட்டி வாக்கியத்தில் உள்ள 'மட்டும்' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். "சன்னல் மூடியிருந்தால் இயங்கும்" என்றால் திறந்திருக்கும்போது என்ன என்று வாக்கியம் வாய் திறக்கவில்லை. 'மட்டும்' வந்த பிறகுதான் அந்த வரியில் சுழியம் போட முடியும். அட்டவணையில் காலி வரி கிடையாது என்பதால், வாக்கியம் எங்கே வாய் மூடிக்கொள்கிறது என்பதை அட்டவணை காட்டிக் கொடுத்துவிடும். பொருள் மயக்கத்தை மாணவருக்குப் புரிய வைக்க இதைவிட நேரடியான கருவி எனக்குத் தெரியவில்லை.

எனவே நேண்ட்கேமை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன மாற்றம் சொல்கிறேன். நிலையைத் திறக்குமுன் அந்தச் சுற்று என்ன செய்யவேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்லுங்கள். மாணவர்கள் குறிப்பேட்டில் அட்டவணையை முதலில் எழுதட்டும். பிறகு திரையைத் திறந்து ஒப்பிடட்டும். அட்டவணை ஒத்துப்போன பிறகு கம்பியில் கை வைக்கலாம். முழுக்கூட்டல் சுற்றுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். மூன்று உள்ளீடு, எட்டு வரி, "மூன்று இலக்கத்தையும் கூட்டினால் கீழே என்ன, மேலே என்ன" என்ற ஒரு வாக்கியம் போதும். எட்டு வரிக்குக் குருட்டுத்தனமாகக் கம்பி மாற்றி விடை பிடிப்பதும் எளிதல்ல. ராக்கிக்கு ஆப்பிள் 2 போல நடிக்கும் மென்பொருள் வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. நிற அட்டையில் வடிவங்களை வெட்டி, பின்னால் மதிப்பெண் எழுதிக் கரும்பலகையில் ஒட்டினாலே பாதி விளையாட்டு வந்துவிடும்.

தொடங்குவதற்கு நாலு வாக்கியம் தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் அட்டவணை எழுதச் சொல்லுங்கள்.

மழை பெய்தாலும் இருட்டினாலும் விளக்கு எரியும்.

காவலர் சாவியைத் திருப்பி, தலைமையாசிரியர் பொத்தானை அழுத்தினால் மட்டும் கதவு திறக்கும்.

அடையாள அட்டையும் சீருடையும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும்.

மாடிப்படியின் மேலே ஒரு சுவிட்சு, கீழே ஒரு சுவிட்சு. எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும்.

மூன்றாவதுக்கு வகுப்பில் இரண்டு விதமான அட்டவணை வரும். இரண்டும் இல்லாதவருக்கு மட்டும் மணி என்பார் சிலர். ஒன்று குறைந்தாலும் மணி என்பார் சிலர். சண்டை போடட்டும், விடுங்கள். பிறகு இரண்டு அட்டவணையையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் நேண்டை மட்டும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒரே நேண்ட் போதும், மற்றதற்கு நாலு வேண்டும். எந்த அட்டவணைக்கு எது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, மணி அடிக்க வேண்டியது யாருக்கு என்று யாரும் சண்டை போடாதபடி அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.